மூத்தார் தலைக்கு மேல் ஒரு மரத்தரை

கிறீச்.

போன வாரம் இந்தத் தொடரில் பட்டாபிராம் ரயில்வே கேட்டில் நிறுத்திய கதையை இந்த வாரம் எடுத்து ஓட்டுவதாகத்தான் இருந்தேன். நடுவே இந்தச் சத்தம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. கேட்டாவது கொஞ்ச நேரத்தில் திறந்துவிடும். இது அப்படியில்லை. இதைச் சொல்லி முடித்தால்தான் மற்றதெல்லாம் நகரும்.

அம்பத்தூரில் புதிதாகத் திறந்த பல் மருத்துவமனை. ஏசி, மீன் தொட்டி, தரை முழுக்க மரப்பலகை. மரம் என்று அவர்கள் சொல்கிறார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து ரெண்டு எட்டு வைத்திருப்பேன், காலடியில் ஒரு பலகை முனகியது.

என் வலது கால் தரைக்கு வராமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. மூச்சும் கூடவே நின்றது. ஐம்பதை நெருங்கும் ஒருத்தி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"இன்னா மேடம், கால்ல எதுனா குத்திச்சா?" என்றாள் சீட்டு எழுதும் பெண்.

"இல்லம்மா. கீழ யாராச்சும் தூங்கறாங்களா?"

"கீழயா? கீழ பைக் ஸ்டாண்டு மேடம்."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கால் மட்டும் சிரிக்கவில்லை. அது பூந்தமல்லிக்குப் போய்விட்டிருந்தது.

காலுக்கு வாய் முளைத்த வீடு

நான் பிறந்து வளர்ந்தது பட்டாபிராமில், சிவப்புச் சிமென்ட் தரை போட்ட வீட்டில். அந்தத் தரையில் யானை நடந்தாலும் பக்கத்து அறைக்குக் கேட்காது. அப்படியிருந்தும் அம்மா நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்: "பொட்டப் புள்ள அதிர நடக்காதடி." நான் அதிர நடந்ததே இல்லை. நடந்து பார்த்திருந்தால்தானே அதிருமா அதிராதா என்று தெரியும்?

எண்பதுகளின் பின்பாதியில் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்தேன். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே ஒடுங்கும் தெருவில் பழைய மச்சு வீடு. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது என்பார்கள். இல்லை, துரைக்கு மரம் விற்றவன் மிச்ச மரத்தை வைத்துக் கட்டியது என்பார்கள். இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும்; வீட்டில் மரம் அவ்வளவு தாராளம். கீழ்க் கூடத்தில் நின்று அண்ணாந்தால் இடுப்புத் தடிமனில் உத்திரங்கள். உத்திரங்களின் குறுக்கே சட்டங்கள். சட்டங்களின் மேல் வரிசையாகப் பர்மா தேக்குப் பலகைகள். கீழே இருப்பவருக்கு அது கூரை. மேலே இருப்பவருக்கு அதுவே தரை. நடுவில் பூச்சு இல்லை, காரை இல்லை. ஒரு பலகையின் கனம்தான் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே.

மணையில் உட்கார்ந்து பாலும் பழமும் சாப்பிட்டு, மாடிப்படி ஏறினேன். படி முடிந்து முதல் அடி. தரை கிறீச்சென்று கத்தியது. இரண்டாம் அடிக்கு வேறு குரல். மூன்றாம் அடிக்கு யாரோ முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது போல ஒரு முனகல். கீழே பெண்கள் சிரித்தார்கள்.

"மருமவ ஊட்டுக்கு வந்துட்டான்னு மச்சே சொல்லுது பாரு!"

என் காலுக்கு ஒரு வாய் உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தூணோடு பேசுகிறவர்

வீட்டில் நாங்கள் நாலே பேர். நான், என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவி தனம் அக்கா.

கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மூத்தார் என்போம். தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு முகம் பார்த்துப் பேசுவது கிடையாது. அவர் எதிரே நிற்பது கிடையாது. பெயர் சொல்வது கிடையவே கிடையாது. அவரும் அப்படித்தான், நான் வருகிற பக்கம் நிமிர மாட்டார். இதில் கோபம் ஒன்றும் இல்லை, மரியாதைதான். இன்றைக்கும் இந்தப் பத்திரிகையில் அவர் பெயரை எழுதலாமென்று பார்த்தால் பேனா மக்கர் செய்கிறது. மூத்தார் என்றே எழுதுகிறேன்.

ஏதாவது சொல்லியே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் பொருளிடம் சொல்வார். "பின்பக்கம் லைட்டு எரிஞ்சிகினே கீது போல" என்று தூணிடம் சொல்வார். நான் போய் அணைப்பேன். தூண் பாவம், அந்த வீட்டுச் சேதியெல்லாம் அதற்குத்தான் முதலில் தெரியும்.

இரும்புத் தலை

மூத்தார் பாடியில் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். எப்போதும் நைட் ஷிப்ட். பிரஸ் என்றால் அச்சாபீஸ் இல்லை. தகட்டை உள்ளே வைத்துக் கால் கட்டையை மிதித்தால் மேலேயிருந்து இரும்புத் தலை ஒன்று இறங்கும். தகடு வெட்டுப்பட்டு விழும். கையை எடுத்துவிட்டு மிதிக்க வேண்டும். மிதித்துவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவேதான் தூக்கம் வந்து உட்காரும்.

அந்த நாளில் பாடி, அம்பத்தூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைத்தான் பார்ப்பேன். ஒரு கையில் சுண்டுவிரல் இருக்காது. இன்னொன்றில் நடுவிரல் பாதியில் முடிந்திருக்கும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை காபி டம்ளரை வாங்கும்போது அவன் விரல்களைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

காலையில் மூத்தார் வந்து குளித்து, சாப்பிட்டு, கீழ்க் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார். அதற்குள் தனம் அக்கா அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போயிருப்பாள். என் கணவர் ஆவடிக்கு ஜெனரல் ஷிப்ட் போயிருப்பார். ஆக, பகல் முழுக்க அந்த வீட்டில் இரண்டு பேர். கீழே, தூங்கியே ஆகவேண்டிய ஒருவர். அவர் தலைக்கு நேர் மேலே, நான்.

இறங்கிப் போய்ப் பின்கட்டில் இருந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாடிப்படி வந்து முடிகிற இடமே அவருடைய பாயின் கால்மாடு. தூங்குகிற மூத்தாரைத் தாண்டிக்கொண்டு ஒரு மருமகள் போவதா? காலையிலேயே ஒரு குடம் தண்ணீரும் ஒரு சட்டிச் சோறும் மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீரைக்கூட அளவாகக் குடிப்பேன். ஏன் என்று பெண்களுக்குப் புரியும்.

நிற்கப் பழகியது

முதலில் பலகைகளைப் படித்தேன். ஆணி வரிசை மேல் கால் வைத்தால் சத்தம் குறைவு, அதற்கடியில் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆணி வரிசைகளுக்கு நடுவே வைத்தால் போச்சு. ஆகவே ஆணி மேலேயே குதிகாலைப் பதித்து, கழைக்கூத்தாடிப் பெண் போல நடந்தேன். வெயில் ஏறினால் மரம் உலர்ந்து அதற்கும் கத்தும். உட்கார்ந்து புரண்டாலும் கத்தும்.

பிறகு நடப்பதையே விட்டேன். ஜன்னலோரம் போய் நின்றுவிடுவேன். கீழேயிருந்து மூத்தாரின் குறட்டை கிளம்பும். கிளம்பியதும் இன்னும் இறுக்கமாக நிற்பேன். தூங்கிவிட்டார், இனி ஒரு பலகை கத்தினாலும் பாவம் என் கணக்கில். ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம். அது ஆட ஆட நான் ஆடாமல் நிற்பேன். என்னிடம் இன்றைக்கு இருக்கிற சொற்களெல்லாம் அங்கே நின்றபோது சேர்ந்தவைதான் என்று சில சமயம் தோன்றும். வாயையும் காலையும் ஒரே நேரத்தில் கட்டிப்போட்டால் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறது.

ஒருநாள் காலை மூத்தார் வந்த முழுக்கைச் சட்டையில் வலது கைப்பட்டி இல்லை. கத்தரி போட்டது போல நேராக வெட்டுப்பட்டிருந்தது. பக்கத்து மிஷின்காரர் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அதற்குள் கையும் இருந்திருக்கும்.

தனம் அக்கா அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தூக்கம் இல்லன்னா சொல்றதுக்கு இன்னாய்யா? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"நல்லாத்தான் தூங்கறேன்."

"நல்லா தூங்கறவன் மிஷினாண்ட வந்தா தூங்குவான்?" என்ற அக்கா, கூரையை நிமிர்ந்து பார்த்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. கூரையைத்தான் பார்த்தாள்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாங்க வேற ஊடு பாத்துகினு போயிடறோம்ணே" என்றார்.

"பலக கத்துதுன்னு குடும்பத்த பிரிப்பானாடா ஒருத்தன்?" மூத்தாருக்கு வந்ததே கோபம். "பலகைய சரி பண்ணுடா."

பவுடர் மழை

சரி செய்தோம். அந்தக் கூத்தைச் சொல்லாமல் நகர முடியாது.

பலகை இடுக்கில் முகப்பவுடரைக் கொட்டினால் சத்தம் போய்விடும் என்று ஆவடியில் யாரோ என் கணவருக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டப்பா டப்பாவாகக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளினார். இடுக்கு வழியாகப் பவுடர் இறங்கியது. கீழே சனிக்கிழமை ராத்திரி வேலையை முடித்து வந்த மூத்தார் படுத்திருந்தார், வேட்டியைப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு.

அவர் எழுந்து உட்கார்ந்தபோது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை.

"இன்னாய்யா, எங்கிட்ட சொல்லாம பழனிக்கா போயிட்டு வந்த?" என்றாள் தனம் அக்கா. மூத்தார் தும்மினார். ஒரு வாரம் அந்தக் கூடம் கல்யாண மண்டபம் மாதிரி மணத்தது. பலகை கத்துவது மட்டும் நிற்கவில்லை.

அடுத்து தேங்காய் எண்ணெய். எறும்புகள் சாரை சாரையாக வந்து குடியேறின. அடுத்து ஒரு தச்சர் வந்து சுத்தியால் ஆணி மேல் ஆணியாக இறக்கினார். கதவோரம் கத்திய பலகை அடங்கி, கட்டிலோரம் சும்மா இருந்த பலகை கத்த ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பேர்த்தெடுத்து கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அப்புறம் மூத்தாரே இறங்கினார். பிரஸ்ஸில் தகடு வெட்டும் அச்சு ஆடினால் அடியில் மெல்லிய தகடு செருகி நிமிர்த்துவார்களாம். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டுப்போன சந்துதான் ஆடுகிறது, கத்துகிறது. அதையும் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுத் தகடுகளை ஒரு பையில் கொண்டுவந்து, ஏணியில் ஏறி, கீழேயிருந்தபடியே கண்ணில் பட்ட சந்திலெல்லாம் செருகினார்.

மறுநாள் நான் கால் வைத்தேன். கிறீச் இல்லை. ஜிலீர் என்று மணி அடித்தது. அடுத்த அடிக்கு ஜல்.

"நல்லா கீது போ," என்றாள் தனம் அக்கா. "இம்மாம் நாளு நடந்துகினு இருந்த பொண்ண நாட்டியக்காரி ஆக்கிட்ட."

ஒரு தட்டு, இரண்டு தட்டு

தகடு உதவாது, மரத்துண்டுதான் வேண்டும். அதைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி ஆப்பாக இறக்க வேண்டும் என்று மூத்தார் முடிவுக்கு வந்தார். ஆனால் எங்கே இறக்குவது? மேலே ஒருவர் நடந்தால்தான் எது கத்துகிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியும். அது மின்வெட்டுக் காலம். கம்பெனிகளுக்கு முறை வைத்து வார லீவு விடுவார்கள். மூத்தாருக்கு வாய்த்தது புதன்கிழமை. புதன்கிழமை வீட்டில் வேறு யார் இருப்பார்கள்?

"நீ மேல நட," என்றாள் தனம் அக்கா, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டே. "அவரு ஏணியில நின்னுகினு பாப்பாரு."

"நானாக்கா? நீங்க ஒருநாள் லீவு போடுங்களேன்."

"சூப்பர்வைசர் உன் மாமனா? குடுப்பானா? இந்தா பாரு, உன்ன பேசவா சொன்னேன்? நடக்கத்தானே சொல்றேன். கீழருந்து ஒரு தட்டு தட்டினா நில்லு. ரெண்டு தட்டு தட்டினா நட. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவள் போய்விட்டாள்.

கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். அந்த வீட்டில் நான் வேண்டுமென்றே சத்தம் எழுப்பிய முதல் நாள் அது. கிறீச். உடனே காலடியில் ஒரு தட்டு. டொக்.

அந்தத் தட்டு என் உள்ளங்காலில் வந்து பட்டது. காதில் கேட்டதாகச் சொல்ல முடியாது, காலில்தான் கேட்டது. நின்றேன். கீழே ஏணி நகர்ந்தது. பலகையின் அடிவயிற்றை ஒரு கை தடவுவதும் அழுத்திப் பார்ப்பதும் சாக்பீஸால் ஏதோ கீறுவதும் தெரிந்தன. ஆப்பு நுழைந்தது. சுத்தி மெல்ல விழுந்தது. என்னைத் தாங்கிய பலகை ஒரு மயிரிழை மேலே எழுந்தது. குதிகாலை அழுத்தினேன். அதன் குரல் போய்விட்டிருந்தது. அழுதுகொண்டே இருந்த குழந்தை சட்டென்று தூங்கிப் போவது போல.

டொக் டொக். நட.

இப்படியே கதவோரம் முடிந்தது. கட்டிலோரம் முடிந்தது. நான் எங்கே நின்றேனோ அங்கே, எனக்கு நேர் கீழே, நான் நேருக்கு நேர் முகம் பார்த்தே அறியாத ஒரு மனிதர் அண்ணாந்து நின்றார். இரண்டு பேரும் ஒரே பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தோம்.

ஏணியும் குடமும்

உச்சிப்பொழுதுக்கு மேல் திடீரென்று மூன்று தட்டு வந்தது. டொக் டொக் டொக்.

மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று அக்கா சொல்லிவிட்டுப் போகவில்லையே! நிற்பதா நடப்பதா? மறுபடியும் மூன்று. அப்புறம் பலகை இடுக்கு வழியாக ஒரு குரல்.

"ஏ ஏணி. வெயிலு உச்சிக்கு வந்துடுச்சி. நடக்கறவங்க சாப்டாங்களா இல்லியான்னு நீயாவது கேக்கக் கூடாது?"

சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர்க் குடம் இருந்தது.

"குடமே," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நடக்கறவங்க காலையிலேயே சாப்டாச்சு. ஏணில நிக்கறவங்கதான் இன்னும் கை நனைக்கலன்னு சொல்லு."

கீழே ஏணி ஆடியது. ஏணிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

அவர் சாப்பிட்டு வந்தபின் ஜன்னலோரத்துக்குப் போனோம். அங்கேதான் வேலை அதிகம். நான் அசைந்தால் ஒரு தட்டு, திரும்பினால் ஒரு தட்டு.

"இன்னா ஏணி இது," என்றார் கீழேயிருந்து. "ஊடு பூரா ஒரு கத, இந்த ஜன்னலாண்ட மட்டும் ஒரு கத. பலகையே தொங்கிப் போயி கீது. பகல் பூரா ஒரே எடத்துல நின்னா எந்தப் பலக தாங்கும்?"

அது என்னைச் சுருக்கென்று தைத்தது.

"குடமே, கீழ தூங்கறவங்க எழுந்துடக் கூடாதுன்னுதானே ஒருத்தி நிக்கறா? ஒரு வெரலு போனா மொளைக்குமா? அவளுக்கு மட்டும் கால் வலிக்காதா?"

சுத்தி நின்றுவிட்டது. அதை ஏணிப்படியில் வைத்துவிட்டுப் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"எவன் தூங்கினான், ஏணி? காலைல ரெண்டு சத்தம் கேக்கும். அப்பறம் கப்சிப். மேல ஒரு பொண்ணு மூச்ச புடிச்சிகினு நிக்குதுன்னு தெரிஞ்சப்பறம் எவனுக்குத் தூக்கம் வரும்? சத்தம் வந்தா தூங்கிடுவேன். வராத சத்தத்துக்குக் காத்துகினு கெடக்கறதுதான் முடியல. அதான் கொறட்ட உட்டேன்."

"கொறட்டையா?" குடம் மறந்துபோய்விட்டது எனக்கு.

"தூங்கிட்டான், இனிமே தாராளமா நடக்கலாம்னு அந்தப் பொண்ணு நெனைக்கட்டும்னு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை பகல்கள்! நான் நடக்கட்டும் என்று அவர் குறட்டை விட்டிருக்கிறார். அந்தக் குறட்டையைக் கேட்டு, அவர் தூங்கட்டும் என்று நான் உறைந்திருக்கிறேன். நான் உறைய உறைய அவர் இன்னும் உரக்கக் குறட்டை விட்டிருக்கிறார். அவர் உரக்க விட விட நான் இன்னும் கல்லாகியிருக்கிறேன். ஒரு பலகைக்கு மேலும் கீழும் இரண்டு பேர், ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த இரக்கத்தாலேயே ஒருவரையொருவர் சிறைவைத்து, ஒரு கையை அந்த இரும்புத் தலைக்கு அடியில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தோம். யாராவது ஒருவர் கொஞ்சம் அக்கறை குறைந்தவராக இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்!

பலகையில் உள்ளங்கையை விரித்து வைத்தேன். அது சூடாக இருந்தது. எந்தக் காட்டிலோ நின்ற மரம், கடல் தாண்டி வந்து, இத்தனையும் கேட்டுக்கொண்டு, இத்தனை நாளும் இதைத்தான் கத்திக்கொண்டிருந்ததா?

கீழேயிருந்து மெதுவாக இரண்டு தட்டு வந்தது.

எழுந்து நடந்தேன்.

சாக்பீஸ் வானம்

சாயங்காலம் மூத்தார் வேண்டுமென்றே பலமாகச் செருமினார். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. டீக்கடைக்குப் போகிறேன், நீ இறங்கலாம் என்பது அதற்கு அர்த்தம்.

இறங்கி வந்து, கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்தேன்.

கூரை முழுக்க வெள்ளை வட்டங்கள். தேக்கின் கருமையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வட்டம். கதவோரம் ஒரு கொத்து. அங்கேயிருந்து கட்டிலுக்கு ஒரு கோடு போல ஒன்றன்பின் ஒன்றாக. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு. ஜன்னலுக்கு அடியில் வட்டத்தின் மேல் வட்டம், பால் கொட்டியது மாதிரி. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வைத்த அடிகள் எல்லாம் அங்கே இருந்தன. என் வாழ்க்கையை அடியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன். அப்புறம் எத்தனையோ மலைகள், கோபுரங்கள், கடல்கள் முன்னால் நின்றிருக்கிறேன். அன்றைக்கு அண்ணாந்தது போல எங்கும் அண்ணாந்ததில்லை.

தனம் அக்கா வந்தவுடன் கேட்ட கேள்வி: "இன்னா, பேசிகினீங்களா?"

"ஐயோ இல்லக்கா. நான் குடத்தோடதான் பேசினேன்."

"அவரு?"

"ஏணியோட."

அக்கா என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். குறட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. அது ஏணிக்கும் குடத்துக்கும் நடுவே இருக்கட்டும்.

அடுத்த நைட் ஷிப்ட் முடித்து வந்து அவர் படுத்த பிறகு ஜன்னலிலிருந்து கதவு வரை, ஆணி வரிசை பார்க்காமல் நடந்தேன். பலகைகள் மூச்சு மட்டும் விட்டன. மாடிப்படி முகப்பில் ஒரு பலகை மட்டும் அடங்கவில்லை. அதன் அடியில் ஆப்பு இறக்க இடமில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குறட்டை கிளம்பியது. அதுவரை நான் கேட்டிராத குறட்டை. பழையது பிரஸ் மாதிரி ஒரே தாளத்தில் விழும். இது மேடு பள்ளத்தில் போகிற டவுன் பஸ் மாதிரி இழுத்தது, விக்கியது, நின்றது, உலுக்கிக்கொண்டு மறுபடி கிளம்பியது. ஆகா, நிஜம் இவ்வளவு கோணலாகவா இருக்கும் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன்.

லாரிக் கதவு

அதற்குப் பிறகு ஏணியும் குடமும் பேசிக்கொள்ளவில்லை. வீடு பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. தூணுக்குத் தான் இழந்த வேலை திரும்பக் கிடைத்தது. என் பெண் பிறந்து, அந்தப் பலகைகள் மேல் தத்தித் தத்தி, பிறகு திடும் திடுமென்று ஓடினாள். அத்தனைக்கும் கீழே மூத்தார் தூங்கினார்.

தொண்ணூறுகளின் நடுவில் திருமுல்லைவாயலில் எங்களுக்கென்று சின்னதாக ஒரு வீடு எழும்பியது. இந்தத் தடவை பலகைக்குப் பயந்து கிளம்பவில்லை. குழந்தைக்குப் பள்ளிக்கூடம், இவருக்கு ஆவடி பக்கம், எல்லாரும் சம்மதித்துத்தான் கிளம்பினோம். இருந்தாலும் தனம் அக்கா அழுதாள். சாமான் ஏற்றியது மூத்தார்தான். பீரோவை லாரியில் நிறுத்திக் கயிற்றை இழுத்துக் கட்டினார். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். கயிற்றைச் சுற்றி இறுகிய விரல்கள், பத்தும் பத்தாக, நகத்தில் கிரீஸோடு.

நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் லாரிக் கதவருகே வந்து நின்றார். சக்கரத்திடம் ஏதாவது சொல்வார், அல்லது கதவிடம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் கூடத்தில் அண்ணாந்தது போல நிமிர்ந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்கள் இளம் பழுப்பு நிறம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அங்க சிமிட்டித் தரதாம்மா," என்றார். "இனிமேலாவது நல்லா அதிர நட."